டொராண்டோவில் வளரும் கலப்பினக் கஞ்சாவும் சிங்கப்பூர்ச் சட்டமும்: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஈசூன் செல்வி:

என் அக்கா மகன் டொராண்டோவில் வேலை பார்க்கிறான். தேசிய சேவை முடித்துப் படிக்கப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். குடியுரிமை இன்னும் சிங்கப்பூர்தான். வீட்டில் கஞ்சாச் செடி வளர்க்கிறான். அங்கே 2018 அக்டோபரிலிருந்து அது சட்டப்படி சரி, ஒரு வீட்டுக்கு நான்கு செடி வைத்துக்கொள்ளலாம். வாரம் தவறாமல் படம் அனுப்புகிறான். ஊதா கலந்த பூங்கொத்து, அதன்மேல் பனி தூவியது போல வெள்ளைப் பிசின். செடி வளர்ப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், நேர்த்தியாக வளர்த்திருக்கிறான்.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். "இது ஹைபிரிட் சித்தி, இண்டிகா அறுபது, சடைவா நாற்பது" என்கிறான். அந்தக் கணக்குக்கு என்ன பொருள்? எதை எதோடு கலக்கிறார்கள்? இது ஒன்று. தீபாவளிக்கு ஊருக்கு வருகிறான், "கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே நிறுத்திவிடுவேன், பிரச்சினை இல்லை" என்கிறான். என் கணவர் பயப்படுகிறார், எனக்கும் சரியாகப் படவில்லை. ஆனால் வெறுமனே மிரட்டினால் அவன் கேட்கமாட்டான். விவரமாகச் சொல்ல வேண்டும்.

திட்டுவதற்காக யாரும் எழுத வேண்டாம், தயவுசெய்து.

நெறியாளர்:

நல்ல கேள்வி, திறந்தே இருக்கட்டும். செடியைப் பற்றிப் பேசலாம், சட்டம் பேசலாம், உடல்நலம் பேசலாம். எங்கே கிடைக்கும், இங்கே எப்படி வளர்ப்பது என்று யார் கேட்டாலும் அந்தப் பதிவை நீக்கிவிடுவேன்.

தெம்பனிஸ் இளங்கோ:

செல்வி, நான் பள்ளியில் உயிரியல் கற்பித்தவன். முதல் கேள்விக்கு மட்டும் வருகிறேன்.

1753இல் லின்னேயஸ் பெயர் வைத்தது ஐரோப்பாவில் நாருக்காக வளர்த்த செடிக்கு. அதுதான் கன்னாபிஸ் சடைவா. 1785இல் லமார்க் இந்தியாவிலிருந்து போன மாதிரிகளைப் பார்த்து, இது வேறு என்று இண்டிகா என்றார். கடைகளில் இன்று சொல்லும் சடைவா, இண்டிகாவுக்கும் இதற்கும் பெரிய தொடர்பில்லை. உயரமாக, ஒல்லி இலையோடு வளரும் வெப்பநாட்டுச் செடியை சடைவா என்கிறார்கள். குட்டையாக, அகல இலையோடு இந்துகுஷ் மலைப் பக்கம் வளர்வதை இண்டிகா என்கிறார்கள். லமார்க் பார்த்த இந்தியச் செடியை இன்றைய கடைக்காரரிடம் காட்டினால் சடைவா என்றுதான் சொல்வார்.

கலப்பினம் ஏன் வந்தது என்பதுதான் சுவையான பகுதி. கேரளம், தாய்லாந்து, கொலம்பியா, மெக்சிகோ ரகங்களுக்குப் பூ முதிர 12 வாரத்துக்கு மேலும் ஆகும். வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதற்குள் உறைபனி வந்து செடி செத்துவிடும். ஆப்கானியச் செடி எட்டு, ஒன்பது வாரத்தில் முடியும், பிசினும் அதிகம். 1970களில் கலிபோர்னியாக்காரர்களும் அப்புறம் நெதர்லாந்துக்காரர்களும் இரண்டையும் கலந்தார்கள். ஸ்கங்க் நம்பர் 1 என்ற பழைய கலப்பினத்தில் ஆப்கானிய, மெக்சிகோ, கொலம்பிய ரகங்கள் மூன்றும் உண்டு. 1990களில் ஆம்ஸ்டர்டாமில் பேர் பெற்ற ஒயிட் விடோவுக்கு ஒரு பக்கம் பிரேசில், மறுபக்கம் தென்னிந்தியா என்று விதை வியாபாரிகள் சொல்வார்கள். இன்று கடையில் விற்பதில் கிட்டத்தட்ட எல்லாமே கலப்பினம்தான்.

அந்த அறுபது, நாற்பது என்பது விதைக் கம்பெனி சொல்லும் வம்சாவளிக் கணக்கு. அளந்து சொன்னதில்லை. 2015இல் கனடா ஆய்வாளர்கள் மரபணுவைப் பார்த்தபோது, பெயர்ப்பலகையும் மரபணுவும் பல ரகங்களில் ஒத்துப்போகவில்லை. இன்னொன்று: ஒரே பொட்டலத்து விதை நான்கைப் போட்டால் நான்கும் வெவ்வேறாக வரலாம். மாங்கொட்டையை நட்டால் தாய்மரத்துப் பழம் வராது, ஒட்டுக்கன்றுதான் வேண்டும் என்பது போலத்தான். பிடித்த செடியை அப்படியே வைத்திருக்கக் கிளையை வெட்டி வேர்விடச் செய்வார்கள்.

ஆண் செடி, பெண் செடி தனித்தனி. படத்தில் நீங்கள் பார்ப்பது பெண் பூ. மகரந்தம் படாமல் பார்த்துக்கொண்டால் விதை பிடிக்காது, அந்தப் பூ பிசினைச் சுரந்துகொண்டே இருக்கும். அந்த வெள்ளைப் பனி, தலை பருத்த நுண்ணிய சுரப்பிகள். போதைக்குக் காரணமான டிஎச்சி என்ற பொருள் அங்கேதான் உண்டாகிறது. பச்சைச் செடியில் அது அமில வடிவில் இருக்கும், சூடு பட்டால்தான் போதை தரும் வடிவத்துக்கு மாறும்.

ஜூரோங் நித்யா:

ஐயா, ஒரு சந்தேகம். வெப்பநாட்டுச் செடி என்கிறீர்கள், ஆனால் கனடாவில் விளக்குப் போட்டுத்தான் வளர்க்கிறார்களே?

தெம்பனிஸ் இளங்கோ:

வெயிலைவிட இரவின் நீளம்தான் காரணம் நித்யா. இரவு நீளும்போது பூக்கும் செடி அது. டொராண்டோவில் ஜூன் மாதம் பகல் 15 மணி நேரத்துக்கு மேல் போகும், அப்போது இலையும் தண்டுமாக வளரும். ஆகஸ்டில் பகல் குறையும்போது மொட்டு வைக்கும். வீட்டுக்குள் வளர்ப்பவர்கள் இதையே விளக்கை வைத்துச் செய்கிறார்கள். முதலில் 18 மணி நேர வெளிச்சம், அப்புறம் 12. ரஷ்யப் பக்கத்து ருடராலிஸ் என்ற குட்டை இனம் இரவைப் பார்க்காது, வயது வந்தால் பூத்துவிடும். அதைக் கலந்து இப்போது 'தானாகப் பூக்கும்' ரகங்களும் வந்திருக்கின்றன.

ஸ்கார்பரோ ரவி:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்து ஆள். முந்தி சிங்கப்பூரில் வேலை செய்தனான், அந்தப் பழக்கத்தில் இன்னும் இங்கே எட்டிப் பார்ப்பதுண்டு. நானும் வீட்டில் வளர்க்கிறேன், ஒன்ராறியோவில் 19 வயது நிரம்பியவருக்கு அனுமதி உண்டு. தம்பி ஏன் இதில் இவ்வளவு ஆசையாக இருக்கிறார் என்று செல்வி அக்காவுக்கு விளங்கப்படுத்தலாம் என்று நினைக்கிறேன்.

இங்கே குளிர் போக மே கடைசியாகும். அதற்குப் பிறகுதான் கன்றை வெளியில் வைப்போம். வேனிலில் ஆள் உயரத்தையும் தாண்டி வளரும். செப்டம்பரில் மணம் தொடங்கும். அந்த மணத்துக்காகவே வளர்க்கிற ஆட்கள் இருக்கினம். ஒரு கலப்பினம் எலுமிச்சைத் தோல் போல மணக்கும், இன்னொன்று மிளகு, இன்னொன்று பழுத்த மாம்பழம். மிளகில் இருக்கிற கேரியோபிலின், எலுமிச்சையில் இருக்கிற லிமொனீன், மாம்பழத்தில் இருக்கிற மிர்சீன் எல்லாம் இந்தச் செடியிலும் இருக்குது, ரகத்துக்கு ரகம் அளவு மாறும், அவ்வளவுதான். நான் வாங்கும்போது இண்டிகாவா சடைவாவா என்று பார்ப்பதில்லை, மணத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன்.

ஒக்டோபர் ஈரம்தான் பெரிய எதிரி. பூ இறுக்கமாக இருந்தால் நடுவில் சாம்பல் பூஞ்சணம் பிடிக்கும். வெளியே வடிவாகத் தெரியும், பிரித்துப் பார்த்தால் உள்ளே அழுகி இருக்கும். வெப்பநாட்டு ரத்தம் கூடின கலப்பினத்தின் பூ கொஞ்சம் ஐதாக இருப்பதால் காற்றுப் போகும், தப்பிவிடும். பூதக்கண்ணாடி வைத்து அந்தச் சுரப்பியைப் பார்ப்போம். கண்ணாடி போலிருந்தது பால் நிறமாகி, அங்கங்கே தேன் நிறம் தட்டினால் வெட்டலாம். இருட்டில், காற்றோட்டத்தில் ஒரு வாரம், பத்து நாள் மெதுவாகக் காயவேணும். அவசரப்பட்டால் வைக்கோல் மணம்தான் மிஞ்சும். அப்புறம் போத்தலில் அடைத்து, நாளுக்கு ஒருக்கால் திறந்து மூடி, வாரக்கணக்கில் பதப்படுத்துவோம்.

பாவிக்கிறது பற்றி: இரவுச் சாப்பாடு முடிந்து, பிள்ளைகள் படுத்த பிறகு, கொஞ்சமாக. பாட்டு நன்றாகக் கேட்கும், உடம்பு தளரும். அளவு கூடினால் நெஞ்சு படபடக்கும், பயம் பிடிக்கும். சாப்பிடுகிற வகையில் இன்னும் கவனம் வேணும். ஈரல் அதை வேறொரு வீரியமான பொருளாக மாற்றும், ஏற ஒன்றிரண்டு மணித்தியாலம்கூட ஆகும், அதற்குள் "ஒன்றும் செய்யவில்லையே" என்று இரண்டாவதைச் சாப்பிடுகிறவர்கள்தான் அவசரப் பிரிவில் போய் இருக்கிறது.

நான் கனடியக் குடியுரிமை எடுத்துவிட்டேன். தம்பி எடுக்கவில்லை என்கிறீர்கள். அந்த வித்தியாசம் பெரிது, சட்டம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

உட்லண்ட்ஸ் கதிர்:

சட்ட அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அக்கா, இதை அப்படியே தம்பிக்கு அனுப்புங்கள்.

போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டம் 1973ஆம் ஆண்டு வந்தது. அதில் 8ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சிங்கப்பூர்க் குடிமகனோ நிரந்தரவாசியோ வெளிநாட்டில் போதைப்பொருள் உட்கொண்டால், இங்கே உட்கொண்டதாகவே கருதி வழக்குப் போடலாம். அந்த நாட்டில் அது சட்டப்படி சரியா என்பது இங்கே எடுபடாது. கஞ்சா ஏ பிரிவுப் போதைப்பொருள். உட்கொண்டதற்கு 10 ஆண்டு வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் முறை பிடிபடுபவர், வேறு குற்றம் எதுவும் இல்லையென்றால், பெரும்பாலும் மறுவாழ்வு நிலையத்துக்கு அனுப்பப்படுவார். அதற்கப்புறம் 5 ஆண்டு வரை கண்காணிப்பு. தம்பி அந்த வேலையை விட்டுவிட்டு இங்கேயே இருக்க வேண்டியதுதான்.

"ஒரு வாரம் முன்னால் நிறுத்துவேன்" என்பதில் பொருளே இல்லை. டிஎச்சி கொழுப்பில் தங்கும். தினமும் புகைப்பவருக்குச் சிறுநீரில் வாரக்கணக்கில் தெரியும். முடியில் இன்னும் நீண்ட காலம், வேரிலிருந்து மூன்று சென்டிமீட்டர் முடி ஏறக்குறைய மூன்று மாதக் கதையைச் சொல்லும். 2023இலிருந்து சோதனைச் சாவடிகளில் எச்சில் சோதனைக் கருவியும் இருக்கிறது. எத்தனை நாள் இடைவெளி விட்டால் தப்பிக்கலாம் என்று யாராவது இங்கே கணக்குப் போட ஆரம்பித்தால் நான் பதில் சொல்லமாட்டேன். சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருக்கும்வரை தொடாமல் இருப்பதுதான் பதில்.

வளர்ப்பது பற்றி: சிங்கப்பூரில் ஒரு செடி வளர்த்தாலும் 20 ஆண்டு வரை சிறை, 40,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தில் அந்தச் செடியின் எந்தப் பகுதியும் கஞ்சாதான். 15 கிராமுக்கு மேல் வைத்திருந்தால் கடத்தலுக்காக வைத்திருந்ததாகவே சட்டம் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நாம். 500 கிராமுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை. ரவி அண்ணன் வீட்டில் ஒரு நல்ல செடி தருவதே அதற்குக் குறையாமல் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஸ்கார்பரோ ரவி:

வெளியில் வளர்த்தால் தாராளமாக வரும், கதிர். காய்ந்த பிறகும்.

ஜூரோங் நித்யா:

அந்த வரியைப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரே செடி. ஸ்கார்பரோவில் அது கொல்லைப்புற மகசூல், இங்கே ஒருவரின் உயிர். 2023 ஏப்ரலில், ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்தார் என்று ஒரு தமிழர் தூக்கிலிடப்பட்டது நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தண்டனைக்கும் செயலுக்கும் ஒரு பொருத்தம் வேண்டும் என்று சொல்வது போதைக்கு ஆதரவு இல்லை. இதை நம் சமூகம் வீட்டுக்குள் மெல்லிய குரலில் மட்டும் பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பக்கத்தில் மலேசியா 2023இல் கட்டாய மரண தண்டனையை எடுத்துவிட்டது.

சிராங்கூன் மூர்த்தி:

நித்யா, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். என் தம்பி மறுவாழ்வு நிலையத்துக்குப் போய் வந்தவன். கஞ்சாவில் தொடங்கினான். அது இல்லாமல் தூங்க முடியாது என்ற நிலை வந்தது, வேலை போனது, அம்மாவின் நகை போனது. பிடிபட்டதுதான் அவனை நிறுத்தியது என்று அவனே சொல்கிறான். கண்காணிப்புக் காலத்தில் சிறுநீர்ச் சோதனைக்குத் தவறாமல் போவான், நான் கூடப் போவேன். அந்தக் கட்டாயம் இல்லாமலிருந்தால் எங்கள் குடும்பம் அவனை இழந்திருக்கும்.

இன்னொன்று. தாத்தா காலத்தில் சாமியார்கள் புகைத்தது, ஒன்றும் ஆகவில்லை என்று இளைஞர்கள் சொல்வார்கள். இப்போது உள்ளது அந்தச் சரக்கு இல்லை. அமெரிக்காவில் பறிமுதலான கஞ்சாவை மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சோதித்து வருகிறார்கள். 1995இல் டிஎச்சி சராசரி 4 விழுக்காடு, 2014இல் 12. இன்று கடையில் 20க்கு மேல் சாதாரணம். இளங்கோ ஐயா சொன்ன கலப்பு வேலை அந்த வீரியத்தைத்தான் துரத்தியது. 2019இல் ஐரோப்பிய நகரங்களில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், 10 விழுக்காட்டுக்கு மேற்பட்டதைத் தினமும் புகைப்பவர்களுக்கு மனப்பிறழ்வு வரும் வாய்ப்பு, தொடாதவர்களைவிட ஏறக்குறைய 5 மடங்கு என்று வந்தது. பதின்ம வயதில் தொடங்குவது இன்னும் மோசம்.

ஜூரோங் நித்யா:

மூர்த்தி அண்ணன், உங்கள் தம்பியைக் காப்பாற்றியது மறுவாழ்வும் நீங்கள் கூடப் போனதும். நான் கேள்வி கேட்பது தூக்குக் கயிற்றைப் பற்றி. அந்த இரண்டையும் ஒன்றாகக் கட்ட வேண்டாம் என்பதுதான் என் வாதம்.

சிராங்கூன் மூர்த்தி:

அந்தப் பயம் இருப்பதால்தான் இங்கே தெருவில் சரக்கு குறைவு என்று நான் நம்புகிறேன். நீங்கள் நம்பவில்லை. அதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை, பரவாயில்லை. தம்பி இப்போது நன்றாக இருக்கிறான், அது போதும் எனக்கு. யாருக்காவது உதவி வேண்டுமென்றால் மனநலக் கழகத்தில் தேசிய அடிமைப்பழக்க நிர்வாகச் சேவை இருக்கிறது, சானா எனும் போதைப்பொருள் எதிர்ப்புச் சங்கம் இருக்கிறது. பிடிபடும்வரை காத்திருக்க வேண்டாம்.

புக்கிட் பாஞ்சாங் தாதி:

மருந்து விஷயத்தை யாரும் தொடவில்லை. செடியில் டிஎச்சி மட்டும் இல்லை, சிபிடியும் இருக்கிறது, அது போதை தராது. சுத்திகரித்த சிபிடி மருந்து, மற்ற மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நோய்க் குழந்தைகளுக்கு உதவும் என்று நிரூபணமாகியிருக்கிறது. சிங்கப்பூரிலும் 2019இல் அப்படி ஒரு குழந்தைக்கு அனுமதி கொடுத்தார்கள். மருத்துவர் விண்ணப்பிக்க வேண்டும், ஒவ்வொரு நோயாளியாகப் பரிசீலிப்பார்கள். இணையத்தில் விற்கும் சிபிடி எண்ணெயை "மருந்துதானே" என்று வரவழைப்பது வேறு, அது குற்றம். மூட்டு வலிக்கு என்று பாட்டிக்கு வாங்கித் தர நினைக்கும் பேரப்பிள்ளைகள் என்னிடமே கேட்டிருக்கிறார்கள்.

தாய்லாந்து போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2022 ஜூனில் அங்கே கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், 2025 ஜூனில் மறுபடியும் இறுக்கி, பூ வாங்க மருத்துவச் சான்று வேண்டும் என்றார்கள். கேக்கிலும் குளிர்பானத்திலும் கஞ்சா இலைப் படம் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் வாங்காதீர்கள்.

அங் மோ கியோ கீரைத்தோட்டம்:

இங்கே தோட்டம் போடும் நம் ஆட்களுக்குப் பயன்படும் ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் புளோக்கில் ஓர் அம்மா தாழ்வாரத்தில் நொச்சி வைத்திருந்தார், சளிக்கு ஆவி பிடிக்க. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சந்தேகம் வந்து, முகம் கொடுத்துப் பேசுவதையே நிறுத்திவிட்டார். நொச்சியில் ஐந்து சிற்றிலை விரல்போல் விரிந்திருக்கும், கஞ்சா இலைப் படம் பார்த்தவர்களுக்கு அதுதான் நினைவுக்கு வரும். புளிச்சக்கீரை இலையும் அப்படித்தான்.

இளங்கோ ஐயா, எப்படி வித்தியாசம் காட்டுவது?

தெம்பனிஸ் இளங்கோ:

புளிச்சக்கீரையில் ஒரே இலைதான் விரல்போல் வெட்டுப்பட்டிருக்கும், சிற்றிலைகள் தனித்தனியாக நிற்காது. பூ வந்தால் சந்தேகமே இல்லை, செம்பருத்திக் குடும்பத்துப் பூ. கென்னாஃப் எனும் வகைக்கு ஹைபிஸ்கஸ் கன்னாபினஸ் என்று பெயர் வைத்ததே இலை அப்படி இருப்பதால்தான். நொச்சியில் நடுத்தண்டு மரக்கட்டை, இலையின் அடிப்பக்கம் வெளிறியிருக்கும், பூ நீலம். கஞ்சா இலையின் ஓரம் நெடுகச் சீரான ரம்பப் பல். அந்த அம்மா ஒரு கொத்து நொச்சியைக் கசக்கி அவரை முகரச் சொல்லலாம்.

கஞ்சாக் குடும்பத்து மரம் ஒன்றை இங்கே சட்டத்துக்குப் பயப்படாமல் பார்க்கலாம், தெரியுமா? மெங்கிராய் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் டிரீமா மரம். காலி நிலம், கால்வாய் ஓரம், பாதை ஓரம் எல்லாம் தானாக முளைக்கும். சொரசொரப்பான இலை, ஊடே குட்டிப் பழங்கள். மலர்கொத்திகளும் கொண்டைக்குருவிகளும் அந்தப் பழத்துக்கு அலையும். போதை எதுவும் கிடையாது. பியருக்குப் போடும் ஹாப்ஸ் கொடியும் இதே குடும்பம்தான்.

ஈசூன் செல்வி:

எல்லாருக்கும் நன்றி. கதிர் எழுதியதை அப்படியே அனுப்பினேன். முதலில் கோபப்பட்டான், "அங்கே இருந்துகொண்டு இங்கே உள்ள என்னை ஆள முடியுமா" என்றான். ராத்திரி மறுபடி அழைத்தான். 8ஏ பிரிவைத் தானே தேடிப் படித்திருக்கிறான். தீபாவளிக்கு வரவில்லை. இப்போதே நிறுத்துகிறான், அடுத்த ஆண்டு நடுவில் வருவதாக அக்காவிடம் பேசியிருக்கிறான். செடிகளை உடன் தங்கியிருக்கும் கனடாப் பையனுக்குக் கொடுத்துவிடுவான். வளர்ப்பதை விடுவதுதான் அவனுக்குக் கஷ்டம், புகைப்பதை விடுவதல்ல. அந்தக் கூடாரத்தில் விளக்கு சும்மா எரிய வேண்டாம், மிளகாய் போடு என்றேன். கலப்பின மிளகாய் விதை பற்றி இளங்கோ ஐயாவிடம் கேட்கச் சொன்னான்.

நித்யா, உங்கள் பதிவையும் அவனுக்குக் காட்டினேன். மூர்த்தி அண்ணன், உங்களுடையதையும்.

உட்லண்ட்ஸ் கதிர்:

நல்லது அக்கா. இன்னும் ஒன்று, இதையும் சொல்லிவிடுங்கள். உட்கொண்டதைவிடக் கொண்டுவருவது பல மடங்கு பெரிய குற்றம், அதற்கு எந்த நாட்டுக் குடியுரிமை என்று பார்க்கமாட்டார்கள். அளவு சிறிதென்றாலும் இறக்குமதிக் குற்றத்துக்குக் குறைந்தது 5 ஆண்டு சிறை, 5 பிரம்படி. அங்கே பயன்படுத்திய முதுகுப்பையோடு வர வேண்டாம், புதிதாக ஒன்று வாங்கட்டும். மேலங்கிப் பை, பொடி செய்யும் டப்பா, மூக்குக்கண்ணாடி உறை, மிட்டாய்ப் பொட்டலம் எல்லாம் அங்கேயே இருக்கட்டும். "சித்திக்குக் கொடு" என்று நண்பர்கள் எதைத் தந்தாலும் பிரித்துப் பார்க்காமல் பெட்டியில் வைக்கக்கூடாது.